பின்வளவில் அம்மாவுக்கு ஒரு வீடு

சிட்னியின் மேற்கே வென்ட்வர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி என்று தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் பகுதிகளில், பல வீடுகளின் பின்வளவில் இன்னொரு குட்டி வீடு நிற்கிறது. தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் குளியலறை. ஆஸ்திரேலியர்கள் இதைக் ‘கிரானி ஃப்ளாட்’ என்கிறார்கள், பாட்டி வீடு. ஆனால் கட்டித் தருபவர்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் பேசுவது வாடகை வருமானத்தைப் பற்றித்தான். எழுபது வயதுத் தாயை மனத்தில் வைத்து அந்த விளம்பரங்களைப் படிக்கும் மகனும் மகளும் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் கேள்வி: வாசலில் எத்தனை படி?

அனுமதி இப்போது பெரிய தடையல்ல. நியூ சவுத் வேல்ஸில் 450 சதுர மீட்டர் காணி இருந்து, எல்லை இடைவெளி போன்ற விதிகளும் பொருந்தினால், 60 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்குத் தனியார் சான்றளிப்பாளரே ஒப்புதல் தரலாம். விக்டோரியாவில் 2023 டிசம்பரிலிருந்து 300 சதுர மீட்டர் காணியிலேயே, வெள்ளம், மரபுரிமை போன்ற தனிக் கட்டுப்பாடுகள் இல்லாவிட்டால், திட்டமிடல் அனுமதி இல்லாமல் கட்டலாம். கட்டட ஒப்புதல் மட்டும் இரு மாநிலங்களிலும் கட்டாயம். இரண்டிலும் பின் வீட்டைப் பிரித்துத் தனியாக விற்க முடியாது.

விக்டோரியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அங்கே அரசின் வீட்டு வசதித் துறை 1970-களிலேயே பெயர்த்தெடுத்துச் செல்லக்கூடிய சிறு வீடுகளைப் பிள்ளைகளின் வளவில் நிறுத்தி, முதியவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. தேவை முடிந்ததும் அதே வீடு வேறொரு குடும்பத்துக்குப் போகும். அமெரிக்காவில் முதியோருக்கான ‘எக்கோ’ குடில்கள் இதைப் பார்த்துப் பிறந்தவைதான்.

இன்று ஒரு குடும்பத்தின் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன: கராஜை மாற்றுவது, சக்கரத்தில் நிற்கும் குட்டி வீடு, தொழிற்சாலையில் செய்து வரும் வீடு, காணியிலேயே கட்டுவது.

சக்கர வீடு பார்க்க அழகானது, விலையும் குறைவு. நியூ சவுத் வேல்ஸில் சொந்த வீட்டு வளவில் ஒரு கேரவனை நிறுத்தி, அதில் குடும்பத்தவர் மட்டும் தங்குவதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. குட்டி வீட்டைக் கேரவனாகப் பதிந்து இந்த விலக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் தரை மண்ணிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 14 என்ற கணக்கில் அமைய வேண்டும் என்கிறது ஆஸ்திரேலிய நியமம். அப்படியானால் 8.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். சின்னப் பின்வளவில் அதற்கு இடம் எங்கே? சாலையில் இழுத்துச் செல்ல அகலம் 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால், உள்ளே நாற்காலியைத் திருப்புவதும் கடினம். சில மாதங்கள் வந்து தங்கும், நன்றாக நடமாடும் பெற்றோருக்குச் சரி. முதுமையைக் கழிக்கப் போகிறவருக்கு வேண்டாம்.

தொழிற்சாலை வீட்டிலும் இதே சிக்கல் கொஞ்சம் உண்டு, பலவும் தூண்களின் மேல் உட்காருபவை. பாரந்தூக்கி வர வழியும் வேண்டும். முன் வீட்டைத் தாண்டித் தூக்கி வைக்க நேர்ந்தால் செலவு ஏறும். முற்றத்தில் மாதக்கணக்கில் வேலை நடப்பதைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு இது நல்ல வழி. மேடுபள்ளமான காணிக்கும் ஒத்துவரும்.

பலர் ஏளனமாகப் பார்க்கும் கராஜுக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது: தரை மண்ணோடு ஒட்டி இருக்கும், படியே இல்லை. சட்டப்படி கராஜ் வேறு வகைக் கட்டடம், குடியிருப்பு வேறு வகை. மாற்றும்போது 2.4 மீட்டர் கூரை உயரம், ஈரத் தடுப்பு, வெப்பக் காப்பு, கழிவறைக்கான வடிகால் எல்லாம் வேண்டும். பழைய கான்கிரீட் தளத்துக்கு அடியில் ஈரத் தடுப்புத் தாள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மிச்சப்படுத்திய பணம் அங்கேயே கரைந்துவிடும்.

காணியிலேயே கான்கிரீட் தளம் போட்டுக் கட்டுவதுதான் பெரும்பாலான முதியவர்களுக்கு ஏற்றது. தரை 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாலும் 2.1 மீட்டர் சாய்வு போதும். ஆனால் இரண்டு படுக்கையறை வீடு சிட்னியில் 1,50,000 டாலரைத் தாண்டுவது வழக்கம். விளம்பர விலையில் சேராதவை பல. மேற்குச் சிட்னியின் களிமண் ஈரத்தில் வீங்கிக் காய்ந்து சுருங்கும் இயல்புடையது, அதனால் அடித்தளம் கனமாக வேண்டும். பின்வளவின் அடியில் கழிவுநீர்க் குழாய் போனால் அதைக் கான்கிரீட்டால் பொதிய வேண்டியிருக்கலாம். மண் பரிசோதனையும் குழாய் வரைபடமும் கைக்கு வருமுன் விலையை நம்ப வேண்டாம். ஒரு படுக்கையறையாகச் சுருக்கினால் செலவு பாதியாகாது. சமையலறையும் குளியலறையும் வடிகாலும் அப்படியே இருக்கின்றன. இரவில் துணைக்குப் படுக்க ஒருவர் தேவைப்படும் நாள் வரும் என்பதால், முடிந்தவர்கள் இரண்டாவது அறையை விட வேண்டாம்.

எந்த வழியானாலும், ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை மூன்று: 82 சென்டிமீட்டர் திறப்புள்ள கதவுகள், வரம்புத் திட்டு இல்லாத குளியல் தரை, கைப்பிடி பொருத்தப் பலப்படுத்திய குளியலறைச் சுவர். விக்டோரியாவில் 2024 மே முதல் புது வீடுகளுக்கு இவை விதி. நியூ சவுத் வேல்ஸ் இந்த விதியை ஏற்கவில்லை, கேட்டால்தான் கிடைக்கும். கட்டும்போது சிறு செலவு. பிறகென்றால் ஓடு உடைக்க வேண்டும்.

அடுத்தது பணம். யாழ்ப்பாணத்திலோ கோவையிலோ இருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தைத் தாய் மகளின் காணியில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் தாயின் பெயர் இல்லை. மகளுக்கு மணமுறிவோ கடன் நெருக்கடியோ வந்தால் தாய் எங்கே போவார்? ‘பெற்ற பிள்ளையிடம் எழுதி வாங்குவதா’ என்ற கூச்சம் இங்கே தாய்க்குத்தான் தீங்கு செய்யும். வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் உரிமையை வழக்கறிஞரை வைத்து எழுதுவது நல்லது. ஓய்வூதிய வயதை அடைந்தவருக்கு அப்படி எழுத்தில் தரும் உரிமைக்கு 2021 ஜூலை முதல் மூலதன ஆதாய வரி இல்லை. ஓய்வூதியம் பெறுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: சாதாரண அன்பளிப்பு ஆண்டுக்கு 10,000 டாலரையும் 5 ஆண்டுக்கு 30,000 டாலரையும் தாண்டினால், மிகுதி அவர் சொத்தாகவே கணக்கிடப்படும். குடியிருப்பு உரிமைக்காகக் கட்டிய செலவு அப்படிக் கருதப்படுவதில்லை. ஆனால் 5 ஆண்டுக்குள் வெளியேறினால், அதற்கான காரணம் முன்பே தெரிந்திருந்ததா என்று ஆராய்வார்கள்.

கட்டாமலே இருப்பதும் சில வீடுகளில் சரியான முடிவுதான். மறதி நோய் தொடங்கிவிட்ட தாயை இரவில் அடுப்போடு தனி வீட்டில் விடுவது ஆபத்து. அவருக்கு முன் வீட்டின் கீழ்த்தள அறையே மேல். அந்த அறையை அவருக்கேற்ப மாற்றவும் வழி உண்டு: 2025 நவம்பரில் தொடங்கிய அரசின் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில், மதிப்பீட்டில் தகுதி பெறுபவருக்கு வீட்டு மாற்றங்களுக்கு 15,000 டாலர் வரை உதவி உண்டு.

கட்டுவதென்று முடிவானால், முளையடித்துக் கயிறு கட்டி அறைகளைக் காணியில் குறித்துவிட்டு, அம்மாவை ஒருமுறை கைத்தடியோடு நடக்கச் சொல்லலாம்: கட்டிலிலிருந்து கழிவறைக்கு, பிறகு அங்கிருந்து முன் வீட்டுச் சமையலறைக் கதவுக்கு. இரவு ஒன்பது மணிக்கும் அதே நடையை நடந்து பார்த்தால், விளக்கு எங்கே வேண்டும், மழைக்குக் கூரை எதுவரை வர வேண்டும் என்பதை அவரே காட்டிவிடுவார்.