வீட்டில் இணைய நேரம்: அளந்து இறைப்போம்

பாடத்தின் நோக்கம்: வீட்டில் இணையத்துக்குச் செலவாகும் நேரத்தைக் குடும்பமாகக் கணக்கெடுத்து, அதற்கு ஒரு முறை வகுத்துக்கொள்ளல்.
தேவையானவை: ஒரு கொப்பி, பேனை, வீட்டிலுள்ள கைத்தொலைபேசி.

1. மணி பார்த்துப் பேசிய காலம்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் வடக்கிலிருந்து வந்த பல குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளில் தங்கின. வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் பேசுவதற்குத் தொலைத்தொடர்பு நிலையத்தில் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே சொல்ல வேண்டியதை முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போனோம். முக்கியமானதை முதலில் சொன்னோம். அழுகையைக் கடைசிக்கு வைத்தோம்.

அதே 1995ஆம் ஆண்டில்தான் இலங்கையில் பொதுமக்களுக்கான இணையச் சேவையும் ஆரம்பமானது. இன்று அதே பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம். இது பெரிய ஆறுதல். ஆனால் ரீலோட் போட்டபின் நிமிடங்களை எண்ணுவார் இல்லை. செலவு நின்றுவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாமற் போய்விட்டது.

2. எவ்வளவு போகிறது?

ஒருவர் நாளொன்றுக்கு 3 மணி நேரம் இணையத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,095 மணி நேரம். 8 மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கொண்டால் ஏறத்தாழ 137 நாட்கள். நாலரை மாத நெல்லை விதைத்து அறுவடை செய்யும் காலம் இது. விளைச்சல் என்ன என்பதே கேள்வி.

பிள்ளைகளை மட்டும் குறைகூறுவது நியாயமல்ல. ஊரில் முற்றமும் தோட்டமும் இருந்தன. ஒற்றை அறையில் வளரும் பிள்ளைக்குத் தொலைபேசியே முற்றமாகிவிட்டது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்புக்காக அதைக் கையில் கொடுத்தவர்களும் நாமே. எனினும் சிறு குழந்தைகள் விடயத்தில் கண்டிப்புத் தேவை. 2 வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

3. கோத்மலை காட்டிய வழி

மகாவலித் திட்டத்தின் கீழ் கோத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது அங்கும் விவசாயக் குடும்பங்கள் நிலம் இழந்து இடம்பெயர்ந்தன. அப்பகுதி மக்களுக்காகக் கோத்மலை சமூக வானொலி இயங்கியது. 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. மக்கள் கேள்விகளை அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, மக்களுக்குப் புரியும் மொழியில் வானொலியில் விளக்கினார்கள். வீட்டில் கணனி இல்லாதவர்களும் பயனடைந்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அங்கே கேள்வி முதலில் வந்தது, இணையம் பின்னர் வந்தது. நம் வீடுகளிலோ கேள்வி எதுவும் இல்லாமலே திரையைத் திறக்கிறோம். ஆகவே அது காட்டுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

4. பங்குக் கிணறும் இறைப்பு முறையும்

யாழ்ப்பாணத்தில் பல தோட்டக் கிணறுகள் பலருக்குப் பங்கானவை. இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை இருந்தது. முறை தவறினால் ஒருவர் பயிர் வாடும். அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவராகும். வீட்டு இணையமும் ஒரு பங்குக் கிணறே.

செய்முறை: ஒரு வாரத்துக்குக் கொப்பியில் நான்கு நிரல்கள் இட்டு எழுதுங்கள். யார்? எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை? எதற்கு? அந்த நேரத்தில் செய்யாமல் விட்டது என்ன? நான்காவது நிரலே முக்கியமானது. நித்திரை, வீட்டுப்பாடம், குடும்ப செபம், தாய் தகப்பனுடன் பேச்சு ஆகியவற்றில் எது அதிகம் எழுதப்படுகிறது என்று பாருங்கள். பெற்றோரும் தம் நேரத்தை எழுத வேண்டும்.

வார முடிவில் எல்லோரும் கூடியிருந்து முறை வகுங்கள்:

அ. படிப்புக்கும் தொழிலுக்கும் முதல் முறை.
ஆ. சாப்பாட்டு வேளையிலும் செப வேளையிலும் எவருக்கும் முறை இல்லை.
இ. இரவில் தொலைபேசி படுக்கையில் அல்ல, ஒரு பொது இடத்தில் இருக்கட்டும்.
ஈ. படக்காட்சி டேட்டாவை மிக அதிகமாகக் குடிக்கும். குரல் அழைப்புக்குச் சிறிதளவே போதும். ரீலோட் காசு எதற்குப் போகிறது என்று பாருங்கள்.
உ. வாரத்தில் ஒரு முறை ஊருக்கு. ஊரிலுள்ள பெரியவர்களுடன் பிள்ளைகள் பேசட்டும். காணியின் எல்லை, கிணற்றின் நிலை, மாரி மழை பற்றிக் கேட்கட்டும். பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கமும் உண்டு.

நமது காணியைக் காணாத பிள்ளைகள் கொழும்பில் வளர்ந்துவிட்டார்கள். அதை அவர்களுக்கு அறிமுகம் செய்யவும் இந்தச் சாதனமே உதவும். மறக்கச் செய்யவும் இதுவே போதும். எது நடக்கும் என்பது நாம் வகுக்கும் முறையில் தங்கியுள்ளது.

5. அன்பியக் கூட்டத்தில் கலந்துரையாட

1. சென்ற வாரம் ஒரு கேள்வியோடு இணையத்தைத் திறந்தது எத்தனை தடவை?
2. நான்காவது நிரலில் எதை அதிகம் எழுதினோம்?
3. பிள்ளைகள் ஓடி விளையாட, நம் அயலில் எந்த இடத்தைச் சேர்ந்து ஒழுங்கு செய்யலாம்?