ஆளை நிறுத்தி வரைவது எங்கே தொடங்கியது?

கேள்வி: ஓவியக் கல்லூரிகளில் ஆடையில்லா உடலைப் பார்த்து வரையும் பயிற்சி எப்படி வந்தது? பனைமலை ஓவியத்தைத் தீட்டியவர்களும் அப்படித்தான் பழகினார்களா? (வாசகர், ஓமந்தூர்)

பதில்: இது ஐரோப்பியக் கலைக்கழகங்கள் வளர்த்த வழக்கம். 1580-களில் இத்தாலியின் பொலோன்யா நகரில் கராச்சி குடும்பத்தார் நடத்திய பள்ளியில் ஆளைப் பார்த்து வரைவது முக்கியப் பாடம். 1648-ல் பாரிசில் தோன்றிய அரசக் கலைக்கழகம் அதற்கு ஒரு வரிசை வைத்தது: முதலில் அச்சுப்படம், அடுத்து சுதை வார்ப்பு, கடைசியில்தான் ஆள். நின்றவர்கள் ஆண்கள். பாரிஸ் அரசுக் கலைப்பள்ளியில் பெண்கள் மாணவியராகச் சேர 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1886-ல் கவிஞர் ழான் மொரேயாஸ் வெளியிட்ட அறிக்கையால் பெயர் பெற்ற குறியீட்டியம் என்ற கலை இயக்கம் இந்தப் பயிற்சியைக் கைவிடவில்லை. அதன் நோக்கத்தை மாற்றியது. தசையும் எலும்பும் சரியாக அமைவது போதாது, உடல் ஓர் எண்ணத்தைச் சுமக்க வேண்டும். ஓவியர் கிளிம்ட் 1899-ல் தீட்டிய ஆடையற்ற பெண், கையில் கண்ணாடி ஏந்திய 'உண்மை'. ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர் யான் டோராப் இன்னும் சுவையானவர். 'மூன்று மணப்பெண்கள்' (1893) என்ற அவர் வரைபடத்தில் மெலிந்து நீண்ட கைகள், ஜாவாவின் நிழற்பாவைகளுடையவை. கலைக்கழகத்தில் தேர்ந்த கை, பாவையிடம் மறுபடி பாடம் கேட்டிருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில், ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீஸ்வரர் கோயிலில், குடைக்கீழ் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியைத் தீட்டிய மரபு வேறு. சிற்ப நூல்கள் உடலைத் தாளத்தாலும் அங்குலத்தாலும் அளக்கின்றன. தேவியருக்கு மத்திம தசதாளம் என்னும் அளவு, அதாவது 120 அங்குலம். அளவு மனப்பாடமானால் எதிரில் ஆள் நிற்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த இடுப்பின் வளைவைக் கண்டவர், தீட்டியவன் மனிதரையும் கூர்ந்து பார்த்தவன் என்றே சொல்வார்.

சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளி நெடுங்காலம் கைத்தொழிலிலேயே கருத்தாயிருந்தது. 1929-ல் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரிதான் ஆளைப் பார்த்து வரைவதை அங்கே ஊன்றச் செய்தார். அவருடைய குரு அவனீந்திரநாத் தாகூரோ, 1914-ல் இந்திய உடலமைப்பு பற்றி எழுதிய நூலில் மரபின் உவமை அளவுகளையே எடுத்துச் சொன்னவர். சீடர் வேறு வழி போனார். மெரினாவில் 1959-ல் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கலைப்பள்ளியின் காவலாளி.