மார்கழியில் மாந்தோப்பு

மார்கழி பிறந்ததும் சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாந்தோப்புகளில் ஒரே கேள்விதான்: கிளைநுனியில் வரப்போவது பூவா, துளிரா? ஆனி மாதத்து வரவு பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது. நம் வாடிக்கையாளர்களில் தோப்பு உடையவர்கள் பலர். பட்டணத்தில் பணியாற்றிக்கொண்டு, ஊரிலுள்ள சில ஏக்கரை ஞாயிறுதோறும் சென்று பார்ப்பவர்களும் உண்டு. இக்கட்டுரை முதன்மையாக அவர்களுக்கே.

ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்காரர்களின் பிழை எங்களுக்கும் நேர்ந்ததுதான். ஓர் ஆண்டு கார்த்திகைக் கடைசியில் தோப்புக்குச் சென்றோம். மண் வறண்டு, இலைகள் சற்றே சுருண்டிருக்கக் கண்டு இரங்கி, மோட்டாரைப் போட்டு மூன்று நாள் நீர் பாய்ச்சினோம். போதாக்குறைக்கு யூரியாவும் இட்டோம். தை மாதத்தில் தோப்பு முழுவதும் செந்துளிர்! பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவ்வாண்டு ஊறுகாய்க்குக்கூட விலைக்குக் காய் வாங்க நேர்ந்தது.

காரணம் எளியது. மாமரம் பூப்பதற்கு முதிர்ந்த கிளைநுனி வேண்டும். குளிர்ந்த இரவுகள் வேண்டும். அதனுடன் சிறிது தாகமும் வேண்டும். அந்நேரத்தில் நீரும் தழைச்சத்தும் கிடைத்தால் மரம் இலைவிடத் தொடங்கிவிடும். சித்தூர் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவுக்குளிர் இயல்பாகவே கூடுதல். திருப்பதியின் உயரம் அதில் பாதியளவே. வடகிழக்குப் பருவமழையும் கீழ்ப்பகுதியில் வலுவாகப் பெய்யும். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளக்காடானதை மறந்திருக்க மாட்டோம். அத்தகைய ஆண்டுகளில் மழை ஓய்ந்தவுடன் தோப்பில் தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி வடித்துவிட வேண்டும். மழை குறைந்த ஆண்டாயின், காய்ப்புக்கு வந்த மரங்களுக்கு ஐப்பசி முதற்கொண்டே நீரை நிறுத்திவிடலாம். நட்டு மூன்று நான்கு ஆண்டே ஆன கன்றுகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றுக்கு நீர் தவறக்கூடாது.

ஆகவே மார்கழி வேலை என்பது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே. ஆயினும் செய்யத்தக்கவை சில உண்டு. களையை அழிக்க மேலோட்டமாக ஓர் உழவு போதும். ஆழ உழுதால் மேல்மண்ணில் பரவியுள்ள சல்லிவேர்கள் அறுபடும். காய்ந்த குச்சிகளையும் சென்ற ஆண்டுப் பூக்காம்புகளையும் அகற்றலாம். புல்லுருவி பற்றியிருந்தால், அது ஒட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே கிளையை வெட்டிவிட வேண்டும். மேலே தெரியும் தழையை மட்டும் பறித்தால் மீண்டும் முளைக்கும். பச்சைக் கிளைகளைக் கழித்து மரத்துக்கு வடிவம் கொடுப்பது அறுவடை முடிந்த கையோடு செய்யவேண்டிய வேலை. இப்போது நுனியை வெட்டுவது பூவையே வெட்டுவதாகும். பூப்பதற்காக மண்ணில் ஊற்றும் பாக்லோபூட்ரசால் மருந்துக்கும் காலம் கடந்துவிட்டது. அது புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டிய செயல்.

தை பிறந்தும் பூ அரும்பவில்லையெனில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கரும்பச்சையாய்த் தடித்து, கையில் மடித்தால் நொறுங்கினால் அது முதிர்ந்த இலை. ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து இலை நனையத் தெளித்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். இளந்துளிர் மீது தெளிப்பதில் பயனில்லை.

பூங்கொத்து நீளத் தொடங்கும்போது தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வந்து சேரும். கொத்தைத் தட்டினால் பூச்சிகள் சடசடவென்று எழும்பிப் பறக்கும். மூடுபனியும் மேகமும் கூடிய நாட்களில் பூவின்மேல் வெண்பொடி படியும். இதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். பூச்சிமருந்து தேவையெனில் பூ விரியுமுன்னரே அடித்துவிட வேண்டும். பூத்துக் குலுங்கும் வேளையில் மருந்தடித்தால், மகரந்தம் சுமக்கும் ஈக்களும் தேனீக்களும் மடியும். பிறகு காய் ஏது? ஆயிரக்கணக்கான பூக்கள் கொண்ட ஒரு கொத்தில் முற்றி நிற்பவை பல சமயம் ஒன்றிரண்டு காய்களே.

இந்தப் பூக்காலத்திலேதான் வியாபாரியும் வருகிறார். மருந்துக்கும் கூலிக்கும் கையில் காசில்லாத நேரம் அது. பூவைப் பார்த்தே ஒரு தொகை பேசி, முன்பணம் கொடுத்துக் குத்தகை எழுதிக்கொள்வார். அவரைக் குறைசொல்வதற்கில்லை, காற்றுக்கும் மழைக்கும் உரிய இடர் அவர் தலையில் ஏறுகிறது. ஆனால் அந்த இடருக்கு அவர் கழித்துக்கொள்ளும் தொகை பெரிது. அதைக் கிசான் கடன் அட்டையின் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் செலுத்துவோருக்கு அதில் 3 சதவீதம் குறைகிறது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு ஈடு கேட்கப்படுவதில்லை.

அதற்காக, கடன் வாங்கிக் காய்களை வைத்திருந்தால் எப்போதும் ஆதாயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2025இல் தோத்தாபுரி விலை சரிந்தபோது, ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயைத் தானே தர முன்வர வேண்டியிருந்தது. கூழ் ஆலைகளை நம்பிய தோப்புக்கு இது எப்போதும் உள்ள அச்சம். கடனின் அளவை நல்ல ஆண்டின் விலையைக் கொண்டு கணக்கிடாமல், மோசமான ஆண்டின் விலையைக் கொண்டு கணக்கிடுவதே தக்கது. திருப்பிச் செலுத்தும் நாளையும் இரகத்துக்கேற்பக் கேட்டு வாங்க வேண்டும். பங்கனபள்ளி சித்திரை, வைகாசியிலேயே காசாகிவிடும். தோத்தாபுரிக்கு ஆனி, ஆடி வரை பொறுக்க வேண்டும்.

பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் மோட்டாரைப் போடலாம். அதன்பின் 10 அல்லது 15 நாளுக்கு ஒருமுறை நீர் விட்டு வரவும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் அறைச் சாவியை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.