செம்மண்ணே சுவராகட்டும்

கேள்வி: கிளியனூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. விடுமுறைக்கு வருவோர் தங்கச் சிறு குடில்கள் கட்ட ஆசை. இயற்கையைக் கெடுக்காமல் கட்ட முடியுமா?
– ஒரு வாசகி, கிளியனூர்

பதில்: தாராளமாக முடியும். வழிகாட்டி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில்லின் பார்வையாளர் மையத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அழுத்திய மண்கற்களால் எழுந்த அந்தக் கட்டடத்துக்கு 1992இல் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. செம்மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்தால் கல் தயார். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். பூசாமல் விட்டால் சுவரும் தரையும் ஒரே நிறம். குடில் நிலத்தோடு கலந்துவிடும்.

மரக்காணம் உப்பளப் பக்கம் வீசும் காற்று இரும்பை அரிக்கும். அதனால் கம்பி, தகரத்தைக் குறையுங்கள். கூரைக்குச் சவுக்குக் கழியும் கீற்றும் போதும். ஆனால் 2024 நவம்பர் 30இல் கரையேறிய ஃபெஞ்சல் புயலை மறக்காமல் இறுக்கிக் கட்டுங்கள். தாழ்வாரம் அகலமாக இருந்தால் சாரல் சுவரைத் தொடாது.

எல்லாவற்றுக்கும் முன், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வட்டாரத்து நீரைத் தாங்கும் கழுவெளி, 2024 முதல் ராம்சார் ஈரநிலம். ஓடையைத் தூர்த்து ஒரு குடிலும் கட்டாதீர்கள், பனைகளை வெட்டாதீர்கள்.