பெயர்த்தெழுதும் பணி

பொருநை நதி பாயும் திருநெல்வேலிச் சீமையில், கவிராயர்களின் இல்லங்களில் ஏட்டுச் சுவடிகள் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டு வந்தன. பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடிப் புறப்பட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர், நெல்லைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து, சுவடிகளை ஆராய்ந்தார். 1889-ஆம் ஆண்டில் அந்நூலை அச்சேற்றினார். பனையோலை என்றும் நிலைப்பதன்று. கறையானும் ஈரமும் அதனை அரித்துவிடும். ஆயினும் சங்க நூல்கள் இன்று நம் கையில் உள்ளன. அதற்குக் காரணம் யாது? ஓலை நைந்து போகுமுன், யாரோ ஒருவர் அதனைப் பார்த்து வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதினார். ஓலை மாறிற்று, நூல் மாறவில்லை. இத்தகைய பெயர்த்தெழுதும் பணி கணினி உலகிலும் நடைபெறுகின்றது. அதன் இயல்பினையும் பயனையும் இங்குக் காண்போம்.

கணினிக்கு மூளை போல விளங்குவது செயலி. சிறியதொரு சிலிக்கன் சில்லில் அமைந்த அப்பொறி, தனக்கென வகுக்கப்பட்ட சில கட்டளைகளை மட்டுமே அறியும். ‘இவ்விரண்டு எண்களையும் கூட்டு’, ‘வந்த விடையை அங்கே வை’ என்பன போன்றவை அக்கட்டளைகள். அவற்றின் தொகுதியே செயலியின் மொழியாகும். ஒரு குடும்பத்துச் செயலியின் மொழி பிறிதொரு குடும்பத்துச் செயலிக்கு விளங்காது. இனி, செயலிக்கும் நமக்கும் இடையே நின்று, விசைப்பலகை, திரை, நினைவகம் முதலியவற்றை ஆண்டு நடத்தும் நிரல்களின் கூட்டத்தை இயக்க அமைப்பு என்பர். விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகையவை. ஆதலின், புதிய குடும்பத்துச் செயலி ஒன்று தோன்றும்பொழுது, பழைய இயக்க அமைப்பு அதில் அப்படியே இயங்காது. புதிய செயலியின் மொழிக்கு அதனைப் பெயர்த்தல் வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபர அடிகள், காசிக்குச் சென்றபொழுது அந்நாட்டு மொழியை அறிந்து, அங்கே ஆட்சி புரிந்தோருடன் உரையாடினார் என்று கூறுவர். அடிகள் கொண்ட கருத்து மாறவில்லை. கேட்போருக்கு ஏற்ப மொழியே மாறியது. கணினியிலும் கருத்து வேறு, மொழி வேறு எனப் பிரிக்கும் வழி காணப்பட்டது. தொடக்கக் காலத்து இயக்க அமைப்புகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட செயலியின் மொழியிலேயே எழுதப்பட்டன. செயலி மாறினால் எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. 1973-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும், யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைச் ‘சி’ என்னும் பொதுமொழியில் திரும்ப எழுதினர். இவ்வாறு மனிதர் எழுதுவதை மூலநிரல் என்பர். அம்மூலத்தைச் செயலியின் மொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி என்னும் மற்றொரு நிரல். மூலம் ஒன்றே, செயலிக்கு ஒரு பெயர்ப்பு எனப் பெயர்ப்புகளே பல.

எனினும் இப்பணி எளிதன்று. கணினியை எழுப்பும் பகுதி, நினைவகத்தைப் பங்கிடும் பகுதி ஆகியவற்றில் சில வரிகளேனும் செயலியின் மொழியிலேயே அமைந்திருக்கும். அவற்றைப் புதிதாக எழுதல் வேண்டும். பழைய செயலியின் பழக்கங்களைப் பொதுவிதி எனக் கருதி எழுதப்பட்ட இடங்களும் மூலநிரலில் ஒளிந்து கிடக்கும். அவை பெயர்ப்பின்போது பிழையாக வெளிப்படும். ஏடு எழுதுவோர் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கித் திருத்தியது போன்று, ஒவ்வொரு நிரலையும் இயக்கிப் பார்த்துத் திருத்த வேண்டும். இல்லையேல் திரையில் எழுத்துத் தோன்றாது. அச்சுப்பொறி பணி செய்யாது.

பெயர்க்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இங்கு முதன்மையான வினா. ஆல்பா என்னும் செயலிக்கு ஒரு காலத்தில் விண்டோஸ் அமைப்பு இருந்தது. 1999-ஆம் ஆண்டில் அப்பணி கைவிடப்பட்டது. விண்டோஸின் மூலநிரல் அதன் உரிமையாளரிடம் மட்டுமே இருந்தமையால், ஆல்பாக் கணினி உடையோர் தாமாகப் பெயர்த்துக்கொள்ள வழியில்லை. டெபியன் என்பது லினக்ஸைக் கருவாகக் கொண்டு, தன்னார்வலர் பலர் கூடி உருவாக்கும் இயக்க அமைப்பு. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. அவ்வமைப்பு அதே 1999-ஆம் ஆண்டில் ஆல்பாச் செயலிக்கு வந்து, 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அதனை விடாது தாங்கி நின்றது. பூட்டிய பேழையில் உள்ள சுவடியை உரியவரே பெயர்த்தெழுத இயலும். திறந்த சுவடியைக் கற்றவர் எவரும் பெயர்த்தெழுதலாம்.

இவ்வுண்மையை நம் நாட்டினரும் உணர்ந்துள்ளனர். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார், டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயக்க அமைப்பை உருவாக்கி, 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமிழ் முதலிய இந்திய மொழிகளில் அதனைப் பயன்படுத்தலாம். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபொழுது, அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது.

இயக்க அமைப்பைப் போலவே செயலியின் மொழியும் திறந்ததாக இருத்தல் கூடுமோ? கூடும். 2010-ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் கட்டளைத் தொகுதி தோன்றியது. உரிமத்தொகை இன்றி எந்நாட்டவரும் அதனைக் கொண்டு செயலி வடிக்கலாம். அம்மொழியை மேற்கொண்டு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடியும் அவர்தம் குழுவினரும் ‘சக்தி’ என்னும் செயலியை வடித்தனர். 2018-ஆம் ஆண்டில் சக்தியின்மேல் லினக்ஸ் இயங்கிற்று.

சில்லில் லினக்ஸ் கரு இயங்குவது முதற்படி. எழுத, படிக்க, படம் பார்க்க உதவும் மேசைக்கணினி அமைப்பு முழுமையும் பெயர்தல் அடுத்த படி. பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9-ஆம் நாள் வெளிவந்த டெபியன் 13-ஆம் பதிப்பு, ரிஸ்க்-ஃபைவ் செயலியை முதன்முறையாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. அப்பதிப்பில் 69,000-க்கு மேற்பட்ட நிரல் தொகுப்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகப் புதிய மொழிக்குப் பெயர்த்துச் சோதித்த உழைப்பினை எண்ணிப் பாருங்கள்! டெபியன் தாய் என்றால் பாஸ் அதன் சேய். தாய் நடந்த வழி சேய்க்கும் திறந்ததன்றோ?

ஏடு பெயர்த்த முன்னோருள் பெரும்பாலோர் பெயரை நாம் அறியோம். ஆயினும் அவர்தம் கையுழைப்பு இல்லையேல், சாமிநாதையர் தேடி வந்தபொழுது இங்கே ஏடு இருந்திராது. இன்று நாம் கணினியில் எழுதும் கணக்கும் கடிதமும் கவிதையும் நாளைய செயலியிலும் திறந்து படிக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். அதற்கு மூலம் திறந்திருத்தல் ஒன்றே போதாது. அதனைக் கற்றுப் பிழை நீக்கிப் பெயர்த்தெழுத வல்லவரும் வேண்டும். மாணவர்களே! அத்திறனை நீங்கள் முயன்று பெறுவீர்களாக.