மூன்று புலி, பதினைந்து ஆடு



‘ஆடு புலி ஆட்டம்’ என்றதும் நம்மில் பலருக்கு ஏதோ அரசியல் செய்தித் தலைப்புதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இது நிஜமான ஒரு ஆட்டம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து ஆடுவது. பழைய கோயில் மண்டபங்களில் தரைக்கல்லிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பார்கள். நம் பக்கத்து மாநிலங்களிலும் இதே ஆட்டம் உண்டு.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் மயிலாப்பூரில் இருக்கும் என் பாட்டி. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பாடம்.

கட்டம் போடுவது எப்படி?

உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து விசிறி மாதிரி 4 கோடுகளைக் கீழே இறக்குங்கள். அவற்றை வெட்டும்படி 3 குறுக்குக் கோடுகள் போடுங்கள். இவை இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்க வேண்டும். வெளியே நீண்ட முனைகளை இடது பக்கம் ஒரு கோடாலும் வலது பக்கம் ஒரு கோடாலும் சேர்த்து விடுங்கள். விசிறிக் கோடுகளின் அடி முனைகள் நான்கையும் ஒரு அடிக்கோடால் இணையுங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள்: உச்சியில் 1, மூன்று வரிசைகளில் 6, 6, 6, அடியில் 4. மொத்தம் 23 புள்ளிகள்.

விதிகள்

ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. எங்கள் வீட்டு வழக்கப்படி, புலிகளை உச்சியிலும் அதன் கீழே நடு இரண்டு புள்ளிகளிலும் வைத்து ஆரம்பிக்கலாம். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு ஆட்டை இறக்குவார். பதிலுக்குப் புலி ஒரு புள்ளி நகரும். 15 ஆடும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்க்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து அந்த ஆட்டை வெட்டி விடும். மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு ஜெயம். எத்தனை ஆட்டை வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆரம்பிக்கும் முன்பே பேசிக் கொள்ளுங்கள், இல்லையென்றால் சண்டைதான்!

கணக்கு என்ன சொல்கிறது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நாம் வகுப்பில் படிக்கும் ‘கிராஃப்’ என்பது இதுதான்: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். 23 புள்ளிகளுக்கு இடையே 38 இணைப்புகள். இவற்றில் உச்சி 1, குறுக்குக் கோட்டுச் சட்டத்தின் மூலைகள் 4, அடிக்கோட்டின் ஓரங்கள் 2, ஆக 7 புள்ளிகளில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியும் வெட்ட முடியாது. ஏனென்றால் அந்தப் புள்ளிகளின் வழியே எந்த நேர்க்கோடும் கடந்து போவதில்லை. எனவே முதல் ஆடுகளை அங்கேதான் இறக்க வேண்டும். சட்டத்துக்குள் இருக்கும் 12 புள்ளிகளில் இரண்டு திசைகளில் ஆபத்து. மீதி 4 புள்ளிகளில் ஒரு திசையில் மட்டும்.

ஆனால் மூலைகள் ஆட்டுக்குப் பாதுகாப்பு என்றால், புலிக்கு அதுவே பொறி. ஒரு புலி சட்டத்தின் மூலையில் நின்றால் 4 ஆடு போதும், அசைய முடியாது. உச்சியில் நிற்கும் புலியை அடைக்க 8 ஆடு வேண்டும்! இடது பக்கம் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் இரண்டு புலி மாட்டினால் 5 ஆட்டிலேயே இரண்டும் காலி. மூன்றாவது புலி வலது மேல் மூலையில் மாட்டினால் இன்னும் 4. ஆக 9 ஆட்டிலேயே ஆட்டம் முடியும். 6 ஆடு போய்விட்டதே என்று சாக்பீஸைத் தூக்கிப் போட வேண்டாம்.

பாட்டியின் பலகை

பாட்டிக்கு இரண்டு வருஷம் முன்பு கண் பார்வை மிகவும் மங்கிப் போனது. அதோடு ஆட்டத்தையும் விட்டு விட்டார். "கட்டமே தெரியலை, என்னத்த ஆடறது?" என்றார். சும்மா உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு மரப்பலகை செய்தோம். புலிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக் கறுப்புக் கோடுகூடப் போட்டோம்! பாட்டி தடவிப் பார்த்து, "இதுல எதுடா புலி?" என்று கேட்டபோதுதான் எங்கள் புத்திசாலித்தனம் எங்களுக்குத் தெரிந்தது. கண் தெரியாதவருக்குப் பெயின்ட் எதற்கு?

அடுத்து, நவராத்திரி சமயம் வடக்கு மாட வீதியில் குட்டிக் குட்டி மண் புலிகளும் ஆடுகளும் வாங்கி வந்தோம். தொட்டால் எது என்று தெரிந்தது. ஆனால் தடவும்போதே சாய்ந்து விழுந்தன. ஒரு புலிக்குக் காது போனது.

மூன்றாவது முறை உருப்பட்டது. கோடுகளை உளியால் பள்ளமாக வெட்டினோம். 23 புள்ளிகளிலும் துளை போட்டோம். புலிக்கு உயரமான சதுரத் தலை, ஆட்டுக்குக் குட்டையான உருண்டைத் தலை. எல்லாம் துளையில் செருகி நிற்கும் முளைகள். வெட்டிய ஆட்டைப் போட ஓரத்தில் ஒரு குழி.

பாட்டி ஆட்டுப் பக்கம் எடுத்துக் கொண்டார். முதல் நாளே என் மூன்று புலியையும் அடைத்து விட்டார். "எப்படிப் பாட்டி?" என்றேன். "புலி வந்தா ஆடு ஓடக் கூடாதுடா. பின்னாடி இன்னொருத்தன் போய் நிக்கணும், அவ்வளவுதான்" என்றார். நான் மேலே எழுதிய கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

உலகத்தில்

நேபாளத்தில் இதற்கு ‘பாக் சால்’ என்று ஒரு உறவு உண்டு: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு, 5 ஆட்டை வெட்டினால் புலிக்கு வெற்றி. இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் அந்த ஆட்டம் சமனில்தான் முடியும் என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் கம்ப்யூட்டர் மூலம் நிரூபித்து, 2009-ல் வெளியான நூலொன்றில் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு விதிப் புத்தகம் எழுதினார். இன்று அதே வழியில் எலி, வளைக்கரடி போன்ற மிருகங்களுக்குச் சட்டை மாட்டி, கையில் வாள் கொடுத்து, மேஜை மேல் மோத விடும் ஆட்டங்களும் வந்து விட்டன. ‘பரோஸ் அண்ட் பேட்ஜர்ஸ்’ அப்படி ஒன்று. அதற்குப் பொம்மைகளும் புத்தகமும் வாங்க வேண்டும். நம் ஆட்டத்துக்கு ஒரு துண்டு சாக்பீஸ் போதும்.

நண்பர்களே, லஞ்ச் இடைவேளையில் ஒருமுறை ஆடிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஆட்டத்தை விட்டுவிட்ட ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் கற்ற உளி வேலை அவர்களுக்கு உதவட்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன், யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்!