'தேவிகுளம்' என்று தேடுகிறவர் எதைக் கேட்கிறார்?

தேவிகுளம், மூணாறு பக்கம் ஹோம்ஸ்டேயும் ஜீப்பும் நடத்துகிறவர்கள் பலர் இணையதளம் வைத்திருக்கிறார்கள். எந்தத் தேடலில் ஆட்கள் வந்தார்கள் என்பதை கூகுள் சர்ச் கன்சோல் காட்டிவிடும். அந்த நீண்ட பட்டியலைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும்போதுதான் தவறான நம்பிக்கைகள் புகுந்துவிடுகின்றன.

நம்பிக்கை: சொல் ஒன்றாக இருந்தால் தலைப்பும் ஒன்றுதான்.

உண்மை: தேவிகுளம் என்பது ஊரின் பெயர், தாலுகாவின் பெயர், சட்டமன்றத் தொகுதியின் பெயரும்கூட. 2023 மார்ச்சில் இத்தொகுதியின் தேர்தல் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த நாட்களில் ஊர்ப் பெயரைத் தேடியவர் எல்லாரும் அறை தேடியவர்கள் அல்ல.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 உயிர்கள் போயின. அவர்களில் பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. சொந்தபந்தத்துக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி 'மூணாறு' எனத் தேடியவரையும் சுற்றுலாக் கணக்கில் சேர்ப்பது தப்பு மட்டுமல்ல, அநியாயம். தேடல் வரைபடத்தில் கோடு திடீரென்று ஏறுவதைக் கண்டதும் விளம்பரத்துக்குப் பணம் போடாமல், அன்றைய செய்தியை முதலில் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, 'கேப் ரோடு திறந்திருக்கா', 'போடிமெட்டு மண்சரிவு', 'போடி டு மூணாறு பஸ்' மூன்றுக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்றும் ஒரே கேள்வி: தேனிப் பக்கமிருந்து மேலே வர வழி உண்டா? இவற்றை ஒரே கூடையில் போட வேண்டும். இந்தக் கேள்விக்கான உங்கள் இணையப் பக்கத்தில் மழைக்காலத்தில் அன்றன்றைய நிலவரம் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: ஊர்ப் பெயரை வடிகட்டியில் போட்டால் எல்லாத் தேடலும் வந்துவிடும்.

உண்மை: தமிழில் வராது. 'தேவிகுளம்' என்று வடிகட்டினால் 'தேவிகுளத்தில் தங்க', 'தேவிகுளத்துக்கு எப்படிப் போவது' இரண்டும் நழுவிவிடும். 'தேவிகுள' என்று நிறுத்துங்கள், எல்லாம் அகப்படும். 'மூணாற' என்று போட்டால் மூணாறு, மூணாற்றில் இரண்டும் சிக்கும்; மூணார் என்று எழுதுகிறவருக்குத் தனியாக இன்னொன்று வேண்டும். மலையாளம், ஆங்கில எழுத்து வடிவங்களையும் கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர் கணக்கில் தமிழ் வாசகர் பலர் காணாமல் போகலாம்.

நம்பிக்கை: தேடல் முடிவுகளில் ஒரு தலைப்பின் சராசரி இடம் என்பது அதிலுள்ள தேடல்களின் இடங்களைக் கூட்டி வகுப்பது.

உண்மை: உங்கள் தளம் 900 முறை தோன்றிய தேடலில் 2ஆம் இடம், 100 முறை தோன்றியதில் 12ஆம் இடம் என்று வையுங்கள். கூட்டி வகுத்தால் 7. தோன்றிய எண்ணிக்கையோடு பெருக்கிக் கணக்கிட்டால் 3. சரியான விடை 3தான்.

நம்பிக்கை: பழைய கணக்கு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

உண்மை: சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை மட்டுமே காட்டும். மிகச் சிலரே கேட்ட தேடல்களைத் தனியுரிமை கருதி மறைத்தும்விடும். இங்கே பூக்கும் நீலக்குறிஞ்சிக்கோ 12 வருடச் சுற்று: 2006, 2018, அடுத்து 2030. 2018இல் எதிர்பார்த்த கூட்டத்தை ஆகஸ்ட் வெள்ளம் தடுத்ததால் அந்த வருடத்துக் கணக்கும் இயல்பானதல்ல. நடுவருடங்களில் குறிஞ்சி என்ற தலைப்பே வேண்டாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2022இல் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் பூத்தபோது கூட்டம் திரண்டது. எனவே குறிஞ்சிக்குத் தனித் தலைப்பு போட்டு, மாதாமாதம் கணக்கை இறக்கி ஓர் எக்செல் கோப்பில் சேர்த்துவாருங்கள். 2030 ஜூலையில் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் முந்தைய வருடக் கணக்கு மட்டும்தான் இருக்கும்.